என்னிடம் ஓடுகிறது

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ ஒரு நீல பக்கெட்டை வைத்திருந்தார்கள். சொட்டுகளை எண்ணிக்கொண்டே போனால் பதினொன்றுக்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி வரும், ஒழுகல் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நம்பத் தொடங்கும்போது பன்னிரண்டாவது விழும். வான்மதி எண்ணிக்கொண்டிருந்தாள். வேலை கண்ணெதிரே திறந்து கிடக்கும்போது பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவள் இல்லை அவள். கொடுத்த கெடுவுக்கு முந்தின நாளே முடித்துவிடுகிறவள் என்று சரவணம்பட்டியில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் ஐந்தாம் மாடி முழுக்கப் பேர் வாங்கியவள், அந்தப் பேரை யாராவது இன்னொரு முறை சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டிவைத்திருப்பவளும்கூட, அதையும் மறைப்பானேன். காலையில் மேனேஜர் கிருபாகரன் அவள் மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "சகாயம் சாருக்கு இன்னிக்குக் கடைசி நாளுங்க. நாலு மணிக்கு எச்.ஆர். பேப்பரெல்லாம் முடிச்சுருவாங்க. அவரு விட்டுட்டுப் போற லாகின் பிரச்சினையை நீங்க எடுத்துக்குங்க வான்மதி. நீங்க பாத்தா ஒரு மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேர வேலை. இப்போது மணி இரண்டு பத்து. காலை பத்திலிருந்து அவள் அதைச் சுற்றிச்சுற்றி வருகிறாளே தவிர அதன்மேல் கை வைக்கவில்லை. திரையின் ஓரத்தில் மெயில் பெட்டியின் எண் நின்றுகொண்டிருந்தது, படிக்காதது ஒன்று. பன்னிரண்டு நாளாக ஒன்று. அவள் பெட்டியில் படிக்காத மெயில் ஒரு மணி நேரம் தங்காது, இது மட்டும் தடித்த எழுத்தில் நாளுக்கு நாள் கீழே இறங்கி இப்போது நான்காவது பக்கத்துக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், நான்காவது பக்கம், மேலிருந்து ஆறாவது வரி, அனுப்பியவர் சகாயநாதன், அந்தச் சகாயம் சார்தான், பொருள்: பதினேழாம் தேதி மாற்றம் பற்றி. பார்க்கலாம், முதலில் வேலையைப் பார்க்கலாம் என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

வேலை என்னவோ சின்னதுதான். ஊரில் எட்டு இடத்தில் டயாலிசிஸ் மையம் நடத்தும் ஒரு நிறுவனம், நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்துகொள்ள ஒரு தளம், அதை இவர்கள் செய்துகொடுத்திருந்தார்கள். மூன்று வாரமாக அதில் ஒரு கோளாறு. கைபேசி எண்ணை அடித்து, வந்த ஓடிபியை அடித்து உள்ளே போனால் அரை நொடி வரவேற்றுவிட்டு, மறுபடி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி எண்ணைக் கேட்கிறது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். அந்தச் சிலர் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே வந்தார்கள். குக்கி உட்காரவில்லை, அதுதான் விஷயம். கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அந்த மாதிரி, உள்ளே வந்தவருக்கு சர்வர் ஒரு துண்டைக் கொடுக்கிறது, பிரவுசர் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்துக்குப் போகும்போதும் காட்ட வேண்டும். கொடுப்பது கொடுக்கிறது, வாங்குவது வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் ஏழெட்டுதான் இருக்க முடியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்பாள். சர்வர் கடிகாரம் தப்பாக இருந்தால் துண்டு கொடுக்கும்போதே காலாவதியாகியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பாதுகாப்புப் பூட்டுக் குறி இல்லாத முகவரியில் திறந்தால் வாங்காது. அதையும் பார்த்தாள், பூட்டு இருந்தது. வேறொரு தளத்துக்குள் சொருகி வைத்திருந்தால் வாங்காது, அதுவும் இல்லை. இன்னொன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மறுபடி கடிகாரத்துக்கே போனாள். இரண்டு பதினேழு என்றது. பதினேழு என்ற எண் இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் கண்ணை உறுத்துகிறது, பஸ் எண்ணில், பால் பாக்கெட்டின் தேதியில். டீ எடுத்துக்கொண்டு வரலாமா என்று நினைத்தாள், இரண்டு மணிக்குத்தானே குடித்தோம் என்றும் நினைத்தாள்.

தன் பிரவுசரில் தளத்தைத் திறந்தாள். வணக்கம் வான்மதி, என்றது. அழகாக, ஒரு சுணக்கமும் இல்லாமல், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எங்கே போனாலும் வான்மதி, வான்மதி. அவளிடம் எப்போதும் ஓடுகிறது. அதைத்தான் அன்றைக்கும் சொன்னாள். போன வியாழக்கிழமை, கண்ணாடி அறையில், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அன்னூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு நேரம் பதிவாகாமல் போய் மையத்து பெஞ்சில் ஆறு மணி நேரம் கால் வீங்கி உட்கார்ந்திருந்ததையும், அவர் மகள் எழுதியிருந்த கடிதத்தையும் கிருபாகரன் வாசித்துவிட்டு, "இதுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டபோது, யாரும் கேட்காமலே தன் திரையைச் சுவரில் காட்டி, "என்கிட்ட சரியா ஓடுது சார், பாருங்க" என்றாள். ஓடியது. சுவர் அளவுக்குப் பெரிதாக, வணக்கம் வான்மதி. அப்புறம் எல்லாருடைய தலையும் தானாகவே சகாயநாதன் பக்கம் திரும்பியது, திரும்பாமல் என்ன செய்யும், லாகின் பக்கத்தில் ஓடிபியைக் கொண்டுவந்தது அவர், பதினெட்டாம் தேதி, புகார் தொடங்கியதும் பதினெட்டாம் தேதிக்கு அப்புறம். மில்லில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து, மில்லை மூடிய பிறகு நாற்பத்தைந்து வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்த மனிதர், கீபோர்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவர், அவரால்தான் என்று நம்புவதற்கு யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடும் சார்" என்றார் அவர். "இதையேதானுங்க நாலு நாளா சொல்றீங்க" என்றார் கிருபாகரன். அப்போது சகாயநாதன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். முறைப்பாக இருந்தாலாவது பதிலுக்கு முறைத்திருக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு இறங்கும் இடம் வந்துவிட்டதே, எழுந்திருக்கவில்லையே என்று பார்க்கிற பார்வை அது. அவள் குனிந்து திரைக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள்.

வயரைப் பிடுங்கிய அந்த விரல்களின் ஜில்லிப்பு அவளுக்குப் பழக்கமானது. எட்டாம் வகுப்பு, கான்வென்ட் லேப், ஜன்னலோர மேசை. தெர்மாமீட்டரை உதறாதே உதறாதே என்று ஸிஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதறினாள், மேசை விளிம்பில் பட்டது, சத்தம்கூடப் பெரிதாக இல்லை, பாதரசம் மட்டும் உருண்டு உருண்டு நூறு மணியாகச் சிதறியது. எவ்வளவு அழகு. ஒன்றை ஒன்று தொட்டால் சேர்ந்துகொள்ளும், நகத்தால் வெட்டினால் இரண்டாகும். ஸிஸ்டர் திரும்பியபோது மேசைக்கு அருகில் இருந்தவள் ஜெசிந்தா. ஜெசிந்தா போன வாரம்தான் ஒரு பீக்கரை உடைத்திருந்தாள், அதனால் கேள்வியே வரவில்லை. மதியம் முழுவதும் வராந்தாவில் முட்டி போட்டிருந்தாள். வான்மதி ஜன்னல் வழியாக அவள் ரிப்பனின் முனையைப் பார்த்துக்கொண்டே, கையில் பேனா மூடிக்குள் ஒரு பாதரச மணியை ஒளித்து வைத்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இத்தனை வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், கேட்கவில்லையே, கேட்டால்தானே. அந்த மூடியை இரண்டு மாதம் பைக்குள்ளேயே வைத்திருந்தாள், பிறகு எங்கே போட்டாள் என்று ஞாபகம் இல்லை. எதற்கு இப்போது ஜெசிந்தா, மணி இரண்டே முக்கால் ஆகப்போகிறது, கடிகாரம் சரி, பூட்டு சரி, மிச்சம் இருப்பது ஒன்றுதான். குக்கியில் எழுதியிருக்கும் முகவரி. அதை எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை மாற்றுகிற அனுமதி இந்த மாடியில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அதனால்தான் திறக்கவில்லை. இதை மனசுக்குள் இவ்வளவு நேராகச் சொல்லிப் பார்த்தது அதுதான் முதல் முறை.

அப்போதுதான் சகாயநாதன் தன் இடத்திலிருந்து எழுந்தார். சாப்பாட்டுப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, மேசையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார். உள்ளே, அந்த வியாழக்கிழமை மீட்டிங்குக்குப் பிறகு அவரை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவான காகிதங்களோடு, எச்.ஆர். ஷைலஜாவும் கிருபாகரனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி என்றார்களே, இன்னும் மூன்றுகூட ஆகவில்லையே. முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும், வெள்ளிக்கிழமை, நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். எழுந்திரு என்று தனக்குள் ஒருத்தி சொன்னாள். எழுந்து போய் என்ன சொல்வது, இன்னும் எனக்கே நிச்சயமாகத் தெரியாதே என்று இன்னொருத்தி சொன்னாள். நிச்சயமாகத் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது, அது வேலைக்கு அழகில்லை. இந்த இரண்டாவது ஆள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவாள், பன்னிரண்டு நாளாக அவள்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். மெயில் வந்த அன்று, மாலையில் படிக்கலாம் என்றாள். மறுநாள் சகாயநாதன் மேசையருகே வந்து நின்று, "ஒரு மெயில் போட்டிருந்தேன்ம்மா, பாத்தீங்களா?" என்று கேட்டபோது, பாட்டு ஓடாத ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றாமலே "பாக்கறேன் சார்" என்று சொல்லவைத்ததும் அவள்தான். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை, இவள் போனை எடுத்து யாரோடோ பேசுகிற மாதிரி எழுந்து போனாள். பெரிய மனிதர் இரண்டு முறை வந்து நின்றிருக்கிறார். என்ன ஜென்மம் நான் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு டீ மெஷினுக்குப் போய், பேப்பர் கப் நிரம்பும்வரை முதுகைக் கண்ணாடி அறைக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.

டீ ஆறி மேலே ஆடை படிந்தது. தன் பிரவுசரில் குக்கிகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒன்றே ஒன்று இருந்தது, மூன்று மாதம் செல்லுபடியாகிற பழைய குக்கி, ஜனவரி இரண்டாம் தேதி வாங்கியது. அன்றைக்கு லாகின் செய்தவள் அப்புறம் வெளியே வரவே இல்லை. இந்த மாடியில் யாருமே வெளியே வருவதில்லை, வெளியே வந்தால் மறுபடி எண், மறுபடி ஓடிபி, யாருக்கு வேலையில்லை. மையத்தில் இருக்கிற பெண்கள்தான் ஒரே கம்ப்யூட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் தினமும் வெளியே வந்து உள்ளே போவார்கள், அவர்களிடம்தான் முதலில் நின்றது. பிறகு பழைய குக்கி தீர்ந்துபோன நோயாளிகள் ஒவ்வொருவராக. அவளுடையது இன்னும் தீரவில்லை. அவள் உள்ளே இருந்துகொண்டு கதவு நன்றாகத் திறக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சாட்சி சொல்லியிருக்கிறாள். குக்கியின்மேல் சுட்டியை வைத்தாள். அழி என்பதை அழுத்தினால் போதும். அழுத்திவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. சொட்டுகளை எண்ணினாள். ஏழு, எட்டு. அந்த அன்னூர்ப் பெரியவருக்குக் கால் எவ்வளவு வீங்கியிருக்கும், செருப்பு நுழைந்திருக்குமா, வெறுங்காலோடு பஸ் ஏறினாரா. பதினொன்று. இடைவெளி. பன்னிரண்டு விழுவதற்குள் அழுத்திவிட்டாள், பக்கம் ஒரு முறை வெளுத்து, உங்கள் கைபேசி எண்ணை உள்ளிடவும் என்று கேட்டது.

எண்ணை அடித்தாள். ஓடிபி வந்தது. வணக்கம் வான்மதி, என்றது, கண் சிமிட்டுவதற்குள், உங்கள் கைபேசி எண்ணை உள்ளிடவும். இன்னொரு முறை. வணக்கம் வான்மதி, உங்கள் கைபேசி எண்ணை உள்ளிடவும். பிரவுசரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தால் சர்வர் கொடுத்த வரி அப்படியே இருந்தது, அதன் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் காரணம் வந்தது: இந்தக் குக்கியில் எழுதியிருக்கும் முகவரியும் இந்தத் தளத்தின் முகவரியும் வேறு. வேறுதான். டயாலிசிஸ் நிறுவனம் பேரை மாற்றப்போகிறது, ஒன்றாம் தேதியிலிருந்து தளத்துக்குப் புது முகவரி என்று சொல்லியிருந்தார்கள். அவள்தான் கொடுத்த கெடுவுக்கு முன்னாலேயே முடிக்கிறவளாயிற்றே, பதினேழாம் தேதியே குக்கியில் புது முகவரியை எழுதி வைத்துவிட்டாள். இரண்டு நாளில் பேர் மாற்றம் தள்ளிப்போனது. அவள் மறந்துபோனாள். தளம் பழைய முகவரியிலேயே இருக்க, துண்டில் மட்டும் இல்லாத ஊரின் பேர். கோப்பின் வரலாற்றைத் திறந்தாள், தேதி, நேரம், வான்மதி. ஒரே ஒரு வரி. அப்புறம்தான் நான்காவது பக்கத்துக்குப் போய், ஆறாவது வரியைத் திறந்தாள்.

"வணக்கம்மா. லாகின் நிற்காததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். 17ஆம் தேதி குக்கி முகவரியைப் புதியதாக மாற்றியிருக்கிறீர்கள், அது இன்னும் நடப்புக்கு வரவில்லை. உங்கள் பிரவுசரில் பழைய குக்கி இருப்பதால் தெரிந்திருக்காது. அந்தக் கோப்பை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களே பார்த்து மாற்றிவிடுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று கிருபாகரன் சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சகாயநாதன்." ஒரு தடவைதான் படித்தாள். ரெண்டு நாள்ல சரியாயிடும் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும் சார் என்று அந்த மனிதர் யாருக்காகத் தவணை கேட்டுக்கொண்டிருந்தார் என்பது காதில் அவர் குரலிலேயே கேட்டது. வரியைப் பழையபடி மாற்ற ஒரு நிமிடம், அது சர்வருக்குப் போய்ச் சேர எட்டு நிமிடம். என்ன மாற்றம் என்று எழுதுகிற கட்டத்தில், உள்நுழைவுக் கோளாறு சரிசெய்யப்பட்டது, என்று கை தானாக அடித்தது. அதுவும் பொய்யில்லை. யாரும் வரலாற்றைத் திறந்து பார்க்கப்போவதில்லை, பார்த்திருந்தால் எப்போதோ பார்த்திருப்பார்கள். கேட்கவில்லையே, கேட்டால்தானே. அந்த வாசகம் வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுதியதை அழித்துவிட்டு, 17ஆம் தேதி நான் செய்த தவறு திருத்தப்பட்டது, என்று எழுதினாள். எழுந்தபோது மணி மூன்று நாற்பது, கால் மரத்துப்போயிருந்தது.

கண்ணாடிக் கதவைத் தட்டாமலே தள்ளினாள். மேசைமேல் காகிதங்கள் அடுக்கி முடிந்திருந்தன, மேலே சகாயநாதனின் அடையாள அட்டை, நீலப் பட்டையைச் சுருட்டி வைத்திருந்தார். அவர் நாற்காலி காலியாக இருந்தது. "லாகின் பிரச்சினை என்னோட தப்பு சார்" என்றாள் வான்மதி, மூச்சு வாங்கியது, "பதினேழாம் தேதி நான் மாத்துனது. சகாயம் சாருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவரு பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு எனக்கு எழுதியிருக்காரு. நான் பாக்கல." ஷைலஜா பேனாவை மூடினாள். கிருபாகரன், "இப்ப சரியாயிருச்சுங்களா?" என்றார். "சரியாயிருச்சு சார். ஆனா அவரு..." "மூணேகாலுக்கே கையெழுத்தாகி மேலிடத்துக்குப் போயிருச்சுங்க வான்மதி. மதியம் சொல்லியிருந்தீங்கன்னாக்கூட நான் நிறுத்தியிருப்பேன்." அதை முழுதாகச் சொன்னார், ஒளிக்கவில்லை. பிறகு அவள் நிற்கிற நிற்பைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும், எழுந்து வந்து, "விடுங்க. தப்புங்கறது எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. கிளையண்ட்டுக்கு நான் பேசிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். வராந்தா இல்லை, முட்டி போடச் சொல்லவில்லை. சகாயநாதனுக்குக் கொடுக்காததை இவளுக்கு ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அதை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

சகாயநாதன் வாசல் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். அட்டையை வைத்தால்தான் அந்தக் கதவு திறக்கும், போகிறவருக்கும் அப்படித்தான். யாராவது வரட்டும் என்று பையைத் தோளில் மாட்டியபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றார், எத்தனை நேரமாக நின்றாரோ. அவளைப் பார்த்ததும், "மெயிலப் படிச்சீங்களாம்மா?" என்றார். "இப்பத்தான் சார்." "அன்னிக்கு மீட்டிங்ல நீங்களே சொல்லியிருக்கலாமே சார். ஏன் சொல்லல?" அவர் பை வாரைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு தடவை வந்து நின்னேன்ம்மா. மூணாவது தடவை நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "இப்ப ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுது சார்." "உங்ககிட்ட மட்டுமா, எல்லார்கிட்டயுமா?" "எல்லார்கிட்டயும்." "அப்பச் சரி" என்றார். பின்னால் பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்தது. வான்மதி தன் கழுத்திலிருந்த அட்டையை எடுத்துக் கதவின் பெட்டியில் வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது, அவர் வெளியே போகும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.